பாலம் எண் ஏழு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகராட்சியின் மைக் வண்டி வந்துவிடும். தெருத் தெருவாக ஊர்ந்துபோய் அந்த வாரத்து வளர்ச்சிச் செய்தியை வாசித்து முடித்த பிறகுதான் அது ஓயும். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, எத்தனை டன் குப்பை அள்ளினார்கள், எந்தப் பூங்காவில் எத்தனை பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்தார்கள் என்று ஒன்று பாக்கியில்லாமல் வரும். கேட்டுக்கொண்டிருந்தால், இவ்வளவு நல்ல ஊர் எங்கே இருக்கிறது, விலாசம் கிடைத்தால் நாமும் அங்கே குடிபோய்விடலாமே என்று தோன்றும்.

அந்தத் திங்கட்கிழமை பூட்டுக்காரர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முன்னறைதான் அவருக்குக் கடை, பட்டறை எல்லாம். வண்டி அவர் வீட்டுக்கு எதிரே வந்தபோது செய்தியும் அவர் தெருவுக்கு வந்திருந்தது. “குடிநீர்க் குழாய் அமைக்கும் பணி இத்தெருவில் அறுபத்து மூன்று விழுக்காடு நிறைவடைந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

அவர் அரத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். வாசற்படிக்கு மூன்றடி தள்ளி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பள்ளம். நாலடி அகலம், ஆள் நெஞ்சு மட்டத்துக்கு ஆழம். பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு இயந்திரம் வந்து இரண்டே நாளில் தோண்டிவிட்டுப் போனது. தோண்டிய மண் தெருவின் அந்தப் பக்கம் கரையாகக் குவிந்து கிடந்தது. குழாய் வரும் என்றார்கள். வரவில்லை. போன திங்கட்கிழமை அறுபது, இந்தத் திங்கட்கிழமை அறுபத்து மூன்று. நடுவில் மூன்று விழுக்காடு எங்கே நடந்தது என்று தேடினார். பள்ளத்தில் ஒரு பழைய செருப்பு புதிதாக விழுந்திருந்தது. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் மனைவிக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பார்க்கச் சகிக்காது. பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் ஆட்டோ வாசற்படி வரைக்கும் வரும். இப்போது மண்குவியலுக்கு நடுவில் இருக்கும் ஒரு சந்தில் நிற்கிறது. ஆட்டோக்காரர் தங்கமான மனிதர். ஒரு ஒற்றைப் பலகை மேல் கால் வைத்து, அவரும் பூட்டுக்காரருமாகச் சக்கர நாற்காலியை அந்தம்மாவோடு தூக்கிக் கடத்துவார்கள். முந்தின சனிக்கிழமை ஆட்டோக்காரருக்குக் கால் வழுக்கிவிட்டது. நாற்காலி சாய்ந்து, அந்தம்மா பள்ளத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

அரத்தை வைத்தவர் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

புகார்ப் பிரிவில் ஒரே ஒரு குமாஸ்தா இருந்தார். வளர்ச்சிச் செய்தியை எழுதுகிறவரும் அவரே. கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், மூன்று பேர் தூக்கத்தைக் கடன் வாங்கினாலும் போதாது என்கிற மாதிரி இருந்தார். புகாரைக் கேட்டவர் தலையை ஆட்டினார். எழுதிக்கொள்ளத் தடையில்லை, ஆனால் புகார்ப் புத்தகம் அந்த இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது, அலமாரிச் சாவி தொலைந்து ஆறு மாதமாகிறது என்றார். ஆறு மாதமாகப் பொதுமக்களிடமிருந்து புகாரே இல்லை என்று மைக் வண்டி வாசித்து வந்ததன் மர்மம் பூட்டுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

“நான் பூட்டு வேலைதான் சார் செய்யறேன்,” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இரண்டே நிமிஷத்தில் அலமாரியைத் திறந்துவிட்டார்.

குமாஸ்தா முகம் வெளுத்துவிட்டது. அலமாரிக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தார். “சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். திரும்பப் பூட்டிடுங்க. ஆறு மாசம் பூஜ்யம்னு எழுதியாச்சு. இப்ப திடீர்னு ஒண்ணு வந்தா, புகார் அதிகமாயிடுச்சுன்னு என்னை நிக்க வெச்சுக் கேப்பாங்க.”

திரும்பப் பூட்டினார். வேறென்ன செய்வது, அந்த மனிதர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பூட்டிக் கொடுத்த நன்றிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, குமாஸ்தா விழுக்காட்டின் சூட்சுமத்தைச் சொன்னார். எண் ஒருநாளும் குறையக்கூடாது. குறைந்தால் மேலிடம் விளக்கம் கேட்கும். போன வாரத்து எண்ணே இந்த வாரமும் வரக்கூடாது. வந்தால் ஒரு வாரமாகத் தூங்கினீர்களா என்று கேட்கும். அதனால் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாரத்துக்கு மூன்று ஏற்றுவது என்று ஒரு நியாயமான ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

“அப்ப நூறு வந்துட்டா?”

“அதான் சார் எனக்கும் பயம்,” என்றார் குமாஸ்தா. “ராத்திரில எண்ணிப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பள்ளம் வெட்டியதில் கிளம்பியது விழுக்காடு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறரை மணிக்கு ஆட்டோக்காரர் சந்தில் வந்து நின்றார், கணுக்காலில் கட்டோடு. வண்டி ஓட்டலாம், தூக்க முடியாது. மழை பெய்து ஒற்றைப் பலகையும் பாசி பிடித்துக் கிடந்தது. அந்தம்மா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பூட்டுக்காரர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கட்டில் சட்டம், அலமாரிப் பலகை, எதுவும் சக்கர அகலத்துக்குப் போதவில்லை. கடைசியில் அவர் கண் வாசற்கதவில் போய் நின்றது. ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், கனத்த மரம். திருப்புளியை எடுத்தார்.

“ஏங்க, அது கதவுங்க,” என்றாள் மனைவி.

“தெரியுது.”

“ஊருக்கெல்லாம் பூட்டு போட்டுக் குடுக்கறவர் வீட்டுல கதவு இல்லைன்னா நல்லாவா இருக்கும்?”

“நீ இருந்தா போதும். கதவு இல்லாட்டிப் பரவால்ல,” என்றார் அவர், திருகாணியைக் கழற்றிக்கொண்டே. இப்படியெல்லாம் பேசுகிற மனிதர் இல்லை. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கதவு பள்ளத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. நாற்காலி கடகடவென்று உருண்டு அந்தப் பக்கம் போனது. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். வாசலில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் கதவு.

இப்படியே வாரங்கள் ஓடின. அறுபத்தாறு வந்தது, எழுபத்தைந்து வந்தது, தொண்ணூறு வந்தது. தெருக்காரர்கள் தாங்களே மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடிவிடலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு கூடினார்கள். எங்கிருந்தோ வந்த நகராட்சிக் காவலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். தொண்ணூறு விழுக்காடு முடிந்த அரசுப் பணிக்குச் சேதம் விளைவிப்பது குற்றமாம். மண்வெட்டிகள் வீட்டுக்குத் திரும்பின. எதிர்வீட்டு டீச்சரம்மா மட்டும், மீதிப் பத்து விழுக்காட்டையாவது மூடிக்கொள்ளலாமா என்று கேட்டாள். காவலாளி யோசித்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

தொண்ணூற்றொன்பது வந்ததும் எண்ணின் வேகம் குறைந்தது. அடுத்த வாரம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று. அதற்கடுத்த வாரம் புள்ளி இரண்டு. மைக் வண்டியில் வாசிக்கிறவரே புள்ளி வரும் இடத்தில் கொஞ்சம் கூச்சப்பட்டு இருமினார். புள்ளி எட்டு ஆன வாரம் குமாஸ்தா நேரில் வந்துவிட்டார். பாதி ஆளாக இளைத்திருந்தார். பள்ளத்தின் ஓரமாக நடந்து நடந்து பார்த்தார். இன்னும் இரண்டு வாரத்தில் நூறு வரும், நூறு வந்தால் திறப்புவிழா வைக்க வேண்டும், திறக்க இங்கே என்ன இருக்கிறது என்று தவித்துக்கொண்டே வந்தவர், பூட்டுக்காரர் வீட்டு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார்.

“சார், இது என்ன?”

“கதவு.”

குமாஸ்தா அதன் மேல் ஏறி இந்தப் பக்கம் வந்தார். திரும்ப அந்தப் பக்கம் போனார். முகத்தில் பல மாதம் கழித்து ரத்தம் ஏறியது.

அடுத்த திங்கட்கிழமை மைக் வண்டி, இத்தெருவில் நவீனப் பாதசாரிப் பாலம் அமைக்கப்பட்டு மக்கள் பயன்பாட்டுக்குத் தயாராக உள்ளது என்று வாசித்தது. செவ்வாய்க்கிழமை மதியம் பொறியாளர் வந்தார். டேப்பை நீட்டிக் கதவை அளந்தார், சாவித்துவாரத்துக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், இது எதற்கு என்று கேட்டார். சாவி போட என்றார் பூட்டுக்காரர். பொறியாளர் அதை ‘மழைநீர் வடிகால் துளை’ என்று எழுதிக்கொண்டார். பெயிண்ட் டப்பாவோடு வந்த ஆள் கதவின் மேல் ‘பாலம் எண் 7’ என்று வெள்ளையில் எழுதினான். மற்ற ஆறும் எங்கே இருக்கின்றன என்று பூட்டுக்காரர் கேட்கவில்லை. அதுவும் யார் வீட்டுக் கதவோ என்று நினைத்துக்கொண்டார்.

கேட்டதெல்லாம் ஒன்றுதான். பள்ளத்தை எப்போது மூடுவீர்கள்?

பொறியாளருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “என்ன பெரியவரே இப்படிக் கேக்கறீங்க? பள்ளத்தை மூடிட்டா பாலத்துக்குக் கீழே என்ன இருக்கும்? தரை மேல எதுக்குய்யா பாலம் கட்டினேன்னு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. இனிமே அந்தப் பள்ளத்தை நாங்க பராமரிக்கணும்.”

பராமரிப்பு மறுநாளே தொடங்கியது. சரிந்திருந்த ஓரங்களைச் செதுக்கி, பள்ளத்தை நேர்த்தியாக்கினார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் போட்டிருந்த கல், பலகை எல்லாவற்றையும் அனுமதியற்ற கடவுகள் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். தெருவுக்கே இப்போது ஒரு வழிதான், பாலம் எண் ஏழு. அதன் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, காவலாளியையும் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை காலை ஆணையர் வந்து திறந்து வைப்பார், அதுவரை யாரும் கால் வைக்கக்கூடாது. திறப்புவிழா முடிந்த கையோடு, பாரச் சோதனைக்காகப் பதினான்கு நாள் பாலத்தை மூடி வைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு ‘பயனாளிக் குழுத் தலைவர்’. அது யார் என்று கேட்டால், பூட்டுக்காரர்தான். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை டயாலிசிஸ் நாள். பூட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். குமாஸ்தாவிடம் சொன்னார், பொறியாளரிடம் சொன்னார், காவலாளியிடம்கூடச் சொன்னார். விழா ஆறரைக்கே முடிந்துவிடும் என்றார்கள். ஆறரைக்கு வந்தது மாலை கட்டுகிறவர். ஏழு மணிக்கு வந்தது நாற்காலிகள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அங்கே இருந்த நர்ஸ் பொறுமைசாலி. பத்து மணி வரைக்கும் மெஷினைப் பிடித்து வைக்கிறேன், அதற்கு மேல் அடுத்த ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும், பிறகு சனிக்கிழமைதான் என்றாள். செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் நாலு நாள். அந்தம்மாவின் பாதம் ஏற்கெனவே செருப்புக்குள் நுழையவில்லை.

ஒன்பதே காலுக்கு ஆணையர் வந்தார். கைதட்டினார்கள். ரிப்பனை வெட்டினார். கதவின் மேல் பளபளக்கும் ஷூவோடு நடந்து, பூட்டுக்காரர் வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். கூடவே பொறியாளர், குமாஸ்தா, புகைப்படக்காரர், காவலாளி எல்லாரும் வந்தார்கள். மைக்கை இந்தப் பக்கம்தான் வைத்திருந்தார்கள், ஏனென்றால் கரண்ட் பூட்டுக்காரர் வீட்டிலிருந்து இழுத்தது. சக்கர நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, அந்தம்மா மடியில் ஒரு மாலையையும் வைத்தார்கள். அவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆணையர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் ஒரு பாலம் இருந்ததா? இல்லை. ஏன் இல்லை? பள்ளம் இல்லை. பள்ளம் தோண்டியது யார்? நாம். ஆகவே பாலம் கொடுத்ததும் நாம். சிலர் குழாய் எங்கே என்று கேட்கிறார்கள். குழாய் மண்ணுக்கு அடியில் போகும் பொருள், போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. போடாவிட்டாலும் தெரியாது. ஆனால் பாலம் தெரிகிறது. மக்களுக்குத் தெரிகிற வளர்ச்சிதான் வளர்ச்சி.”

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவேளை தூங்கியிருக்கலாம், அவர் பட்ட பாட்டுக்குத் தூங்கினால்தான் என்ன. மணி ஒன்பதே முக்கால். ஆணையர் இரண்டாவது காகிதத்தைப் புரட்டினார்.

அந்தம்மா கணவரின் சட்டை நுனியை இழுத்தாள். “ஏங்க, இருக்க முடியல. போலாமா?”

அவ்வளவுதான் கேட்டாள். பூட்டுக்காரர் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு, மடியிலிருந்த மாலையைக் குமாஸ்தாவின் மடியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளிக்கொண்டு கதவைக் கடந்தார். ஆட்டோக்காரர் ஓடிவந்து அந்தம்மாவைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்.

“பெரியவரே, விழா முடிஞ்சதும் பாலத்தை மூடணும், ஞாபகம் இருக்கில்ல?” என்று இந்தப் பக்கத்திலிருந்து பொறியாளர் கத்தினார். “கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

பூட்டுக்காரர் நின்றார். யோசித்தார். அவர் ஆயுசில் கையெழுத்துப் போட்ட வேலையைச் செய்யாமல் விட்டதில்லை. “ரிப்பன் வெட்டியாச்சு. விழா முடிஞ்ச மாதிரிதானே சார்,” என்றார். குனிந்து, கதவின் விளிம்பைப் பிடித்து, ஆட்டோக்காரரும் ஒரு கை கொடுக்க, தெருப் பக்கமாக இழுத்து மண்குவியலின் மேல் சாய்த்து வைத்தார். தூசியைத் தட்டிக்கொண்டு மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

ஆணையர் மூன்றாவது காகிதத்தில் இருந்தார். படித்து முடித்து, கைதட்டலுக்கு நிமிர்ந்தவர், எதிரே பார்த்தார். கார் அந்தப் பக்கம் நின்றது.

அதற்கப்புறம் நடந்ததை எதிர்வீட்டு டீச்சரம்மாதான் ஜன்னலில் நின்று பார்த்து, பிற்பாடு தெருவுக்கெல்லாம் சொன்னாள். சுற்றிப் போக வழியில்லை, அனுமதியற்ற கடவுகளை அவர்களே அள்ளியாயிற்று. பாலத்தைத் திரும்பப் போடச் சொல்லலாம் என்றால், பதினான்கு நாள் மூடி வைக்க அவர்களே கையெழுத்து வாங்கியாயிற்று. தாண்டலாம் என்றால் ஓரத்தைச் செதுக்கிப் பள்ளத்தை அவர்களே அகலப்படுத்தியாயிற்று. பொறியாளர் ஒரு தடவை ஓடிவந்து விளிம்பில் நின்று, திரும்பிப் போய்விட்டார். காவலாளி, மேலே கேட்டுச் சொல்லட்டுமா என்றார். ஆணையர் அவரைப் பார்த்த பார்வையில் அந்த ஆள் போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆணையர் பூட்டுக்காரரின் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்க வேர்க்க யார் யாருக்கோ போன் செய்தார்.

இருபது நிமிஷத்தில் இயந்திரம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் தோண்டிய அதே இயந்திரம், அதே ஓட்டுநர். மண்ணும் அதே மண்தான், பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. கதவை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தெரு முழுக்க மூடி, மேலே இரண்டு தடவை ஓட்டி இறுக்கியும் கொடுத்தார்கள். ஆணையர் நடந்துபோய்க் காரில் ஏறினார். பள்ளத்தில் கிடந்த அந்தப் பழைய செருப்பு மண்ணோடு உள்ளேயே போயிற்று. குழாய் போடவில்லை, அதை அந்த அவசரத்தில் யாரும் நினைக்கவும் இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டோ திரும்பியது. மண்குவியல் சந்தில் நிறுத்தப் பார்த்த ஆட்டோக்காரரின் கண்ணுக்குக் குவியலே தென்படவில்லை. பேசாமல் வாசற்படி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பூட்டுக்காரர் இறங்கி, தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். எட்டு மாதம். அந்தம்மாவின் முகம் கழுவித் துடைத்தது போல் தெளிந்திருந்தது. டயாலிசிஸ் ஆன நாளில் எப்போதும் அப்படித்தான்.

“ஏங்க, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?” என்றாள்.

“எதை?”

“அந்த ஆளை இந்தப் பக்கம் உக்கார வெச்சிருக்கலாம்ல.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போய்க் கதவைத் தள்ளாடித் தூக்கி வந்து, பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். ‘பாலம் எண் 7’ போவதாக இல்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும், திங்கட்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மேல் கீலுக்கு இரண்டு திருகாணி போட்டாயிற்று. அப்போது வண்டி தெருமுனையில் திரும்பியது.

“நகராட்சியின் வளர்ச்சிச் செய்தி. இத்தெருவில் குடிநீர்க் குழாய் அமைக்கும் பணியின் முதற்கட்டம் நூறு விழுக்காடு நிறைவடைந்துள்ளது.” வாசிக்கிறவர் இருமவில்லை. குரலில் தெம்பு இருந்தது. “இரண்டாம் கட்டமாக, குழாய் பதிப்பதற்கான பள்ளம் தோண்டும் பணி மூன்று விழுக்காடு நிறைவடைந்துள்ளது என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

வண்டி போய்விட்டது. பூட்டுக்காரர் திருப்புளியைத் திருகாணியில் வைத்தபடியே நின்றார். தெருக்கோடியில் ஏதோ ஒரு இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது.

அவர் மனைவி உள்ளங்கையில் மீதியிருந்த திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

“போட்ட ரெண்டையும் கழட்டிடுங்க,” என்றாள். “நாளைக்கு செவ்வாய்க்கிழமை.”